சுஹைலின் முட்டி

சுஹைலின் முட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் அது தெரிந்த ஒரே ஆள் சுஹைல்தான்.

மெயின்லேண்டில் பெரிய ஃபுட்பால் கிளப்பின் கோல்கீப்பர் அவன். போன சீசனின் நடுவில் ஆட்டத்தை விட்டு ஒதுங்கினான். ஏன் என்று ஃபோனில் கேட்ட அத்தா ஜெய்னுதீனிடம் வாயில் வந்ததைச் சொன்னான்: "முட்டி." அவ்வளவுதான், அத்தாவின் கடையில் 'சுஹைல் தடவும் தைலம்' என்று அட்டை தொங்கியது. ஊருக்கு வந்தவனுக்கு எதிர்வீட்டுச் சொர்ணம்மா தினமும் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை காவல் நின்றாள்.

இன்று மாலை கடலுக்கு அக்கரையில், மரைன் ஹில்லில் பாராட்டு விழா. உண்மையைச் சொல்லிவிடும் முடிவோடுதான் மேடையேறினான். மைக்கைக் காண்ட்ராக்டர் சொக்கலிங்கம் விட்டால்தானே? விளையாட்டுச் சங்கத் தலைவர். அவர் பந்தை உதைத்துப் பார்த்தவர் யாருமில்லை. "அச்சமறியா அந்தமான் சிங்கம்" என்று தொடங்கி, சிங்கத்தின் பெருமையில் பாதியைத் தாமே எடுத்துக்கொண்டார். "ஃபெர்ரி போயிரும்!" என்று யாரோ எழுந்தார்கள். பாம்பூஃப்ளாட் கூட்டம் மொத்தமும் சாத்தம் படகுத்துறையை நோக்கி ஓடியது. பேசுபவர் எவரானாலும் இங்கே ஃபெர்ரிதான் பெரியவர். மாலையோடு சுஹைலும் ஓடினான். பேச்சுத் தாள்களோடு தலைவரும்.

ஃபெர்ரி நகர்ந்ததும் சொக்கலிங்கம் தொண்டையைச் செருமினார். "விட்ட இடத்திலிருந்து... அச்சம் என்பதையே அறியாத..."

"நல்லாவே தெரியும் தலைவரே," என்றான் சுஹைல். "முட்டிக்கு ஒண்ணுமில்ல. ஸ்டேடியத்துல கூட்டம் கத்துனா எனக்கு சுனாமி சத்தமா கேக்குது. அப்ப இருந்த சிப்பிகாட் வீட்டுக் கூரைமேல சின்னப்புள்ளையா தனியா ஒக்காந்திருந்தேனே, அந்த சத்தம். பந்து வருது, கை எந்திரிக்க மாட்டேங்குது. மனசுக்குத்தான் டாக்டர்ட்ட போறேன்."

அத்தாவைப் பார்க்கத் துணியாமல் சுஹைல் மாலைப் பூக்களைப் பிய்த்தான்.

"அரே, அப்ப என் சூப்பு?" என்றாள் சொர்ணம்மா.

"ஏ-ஒன் அக்கா!" என்றான் சுஹைல்.

"பின்ன? நாளைக்கும் கொண்டாருவேன். மனசும் ஒடம்புக்குள்ளதான இருக்கு."

ஃபெர்ரியே சிரித்தது, ஜெய்னுதீனைத் தவிர. அவர் மகனின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கடையில ரேடியோவ நாள் பூரா ஏன் அலற விடுறேன்னு நெனச்சே?"

"பாட்டுக் கேக்கத்தானே?"

"எனக்கென்னடா பாட்டு! நிப்பாட்டுனா அந்த சத்தம் வருது. நீ கூரையில, நான் தண்ணிக்கு இந்தப் பக்கம்." சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். "அந்த டாக்டர் ஃபோன்ல பேசுவாரா?"

"பேசுவாங்க அத்தா. தமிழ்லயே."

"டீக் ஹை, சரி, போட்டுக் குடு. பக்கத்துக் கடைக்காரனும் ரேடியோவுக்காக ரொம்ப நாளா திட்டுறான்."

சொக்கலிங்கம் பேனாவை எடுத்தார். "அச்சமறிந்த சிங்கம்னு மாத்திரட்டுமா தம்பி?"

"கோல்கீப்பர்னு போடுங்க, போதும்." சுஹைல் அத்தாவின் தோளில் கைபோட்டான். "தைல அட்டையக் கழட்டிரலாமா?"

"எதுக்குடா? நல்லா விக்கிது!"