ஜெயபாயின் சொந்த முகவரி

ராஜபாளையத்தில் நாலு தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்தாள் ஜெயபாய். அதை வெளிநாட்டுக்கு அனுப்பியது புரோக்கர் சுயம்புலிங்கம். தொண்ணூற்றெட்டில் ஊருக்குள் இ-மெயில் இருந்த ஒருசில ஆபீஸ்களில் அவருடையதும் ஒன்று.

கொழும்பு மருந்து வியாபாரி ஒருவர் அவரோடு வந்து தறியைப் பார்த்தார். துணியை விரலிடுக்கில் நீவிப் பார்த்துத் தலையாட்டினார். விசிட்டிங் கார்டும் கொடுத்தார். அப்புறம் பேச்சே இல்லை. அவருக்குத் துணி பிடிக்கவில்லையாம் என்றார் சுயம்புலிங்கம். ஜெயபாய் நம்பவில்லை. நீவிய விரலை அவள் பார்த்திருந்தாள்.

இ-மெயில் ஓசியாகவே கிடைக்கிறது, எந்த ஊர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தும் திறக்கலாம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம் பிச்சை முகம்மது புதிதாக பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டாள்.

மதுரைக்கு டயல் பண்ணித்தான் லைன் பிடிக்க வேண்டும். பேர், ஊரெல்லாம் தட்டி முடிக்கிற நேரத்தில் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. ஜெயபாய் என்ற பேரை உலகத்தில் யாரோ முந்திக்கொண்டு எடுத்திருந்தார்கள். பேண்டேஜையும் சேர்த்துத் தட்டியபோது கிடைத்தது. விசிட்டிங் கார்டைப் பார்த்து, தெரிந்த இங்கிலீஷில் கொழும்புக்கு எழுதினாள்.

அடுத்த சனிக்கிழமை பதில் இல்லை. அப்புறம் மழை பிடித்துத் தறிக்கூடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. சேற்றை அள்ளி, தறியை மறுபடி ஓடவைக்க மாசக்கணக்கானது. அவள் திரும்பிப் போவதற்குள் முகவரியையே மூடியிருந்தார்கள். ரொம்ப நாள் திறக்காவிட்டால் அப்படித்தான், ஓசியில் கிடைத்ததற்கு யாரிடம் கேட்க என்றார் பிச்சை முகம்மது.

ஜெயபாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"இன்னொண்ணு தொறங்க, பாய்."

புது முகவரியிலிருந்து மறுபடி எழுதினாள்; இந்த முறை பதில் வந்தது. உங்கள் பழைய முகவரிக்கு இருமுறை எழுதினேன், போய்ச் சேராமல் திரும்பிவிட்டது; நீங்கள் தறியை நிறுத்திவிட்டதாகச் சொல்லி உங்கள் புரோக்கர் வேறு தறித் துணியைக் காட்டினாரே, சாம்பிள் அனுப்ப முடியுமா என்று அந்த வியாபாரி கேட்டிருந்தார். படிக்கையில் அவளுக்குக் காது மடல் சூடேறியது. சுயம்புலிங்கத்திடம் சண்டைக்குப் போகவில்லை. சாம்பிளைக் கட்டி அனுப்பினாள்.

ஆர்டர் வந்த பிறகு சுயம்புலிங்கமே தறிக்கூடத்துக்கு வந்தார். பொம்பளை தனியாக அலைய வேண்டாம், வழக்கம்போல் தன் ஆபீஸ் வழியாகவே நடக்கட்டும் என்றார்.

"அலைஞ்சு பழகிட்டேன், அண்ணாச்சி. இனிமே கொழும்புக்காரவுக எனக்கே எழுதுவாக."

சேதி பரவியதும் பக்கத்துத் தறி சீனியம்மாள் வந்தாள். எனக்கும் துணி வாங்க ஒரு பார்ட்டி இருக்கு, உன் முகவரியிலிருந்தே எழுதித் தா என்று கேட்டாள். ஜெயபாய் முடியாது என்றுவிட்டாள். சீனியம்மாள் முகம் சுண்டிப்போனது.

"எம்பேர்ல வந்தா, அண்ணாச்சிகிட்ட இருந்தாப்புல அது என் கைக்குள்ள இருக்கும்ட்டி. ஒம்பேர்ல ஒண்ணு தொறப்போம். சனிக்கிழமை கிளம்பி வா."

சனிக்கிழமை பஸ்ஸில் சீனியம்மாளோடு இன்னும் மூன்று தறிக்காரிகள் ஏறினார்கள்.