சிவப்புக் கோடு இல்லாத பத்திரிகை

...எப்படியோ எழுத்துப்பிழை பார்க்கும் ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது, மூன்று நாள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியது வீண்போகவில்லை, பிழை இருந்தால் சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு விழும், இனி ராஜபாளையத்தில் எவனும் பாண்டிதுரையின் டிடிபி கடையைப் பார்த்துச் சிரிக்க முடியாது, போன வருடம் ஒரு மில் முதலாளியின் மணிவிழா மலரில் இரண்டே பிழை, அதற்கு அந்த வள்ளல் கடை வாசலில் நின்று கத்திய கத்தல் இருக்கிறதே, ஒருவருக்கும் ஒரு டீ வாங்கித் தந்திராத வள்ளல்... இன்று மகள் மாரிச்செல்வியின் கல்யாணப் பத்திரிகை, சொந்த வீட்டுப் பத்திரிகையில் பிழை வரலாமா, ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்தில் அச்சுக்குப் பிளேட் போடக் காத்திருக்கிறார்கள். ஸ்கிரிப்டைத் தட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு. இணையத்தில் இறக்கிய சொற்பட்டியல், கார்முகில் தெரியும், வெண்சாமரம் தெரியும், விருதுநகர் மாவட்டத்தில் ஒரு மனிதரையும் தெரியாது, பெரிய மேதை! ஒவ்வொரு பெயராகப் பட்டியலில் ஏற்றினான், சித்தப்பா கருத்தப்பாண்டி, ராணுவத்தில் சமையல்கட்டைத் தாண்டாதவர், 'எல்லை வீரர்' என்று போடச் சொல்லியிருக்கிறார், போட்டாயிற்று, வன்னியம்பட்டி மாமா வீரணன், நாலு பேர் சங்கத்துக்குத் துணைத்தலைவர், மீதி மூவரும் தலைவர்கள்... கோடுகள் மறைந்தன, பக்கம் துடைத்துவிட்டதுபோல் சுத்தம், பிறகு ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான்?

டீயை வைக்க வந்த மனைவி முனீஸ்வரி குனிந்து பார்த்தாள். "ஏங்க, தேவதானத்துப் பெரியத்தான் பேரு எங்க?" "எல்லாம் சரியாத்தான் இருக்கு, மிஷினே பாத்திருச்சு." "மிஷினா பந்தல்ல வந்து நிக்கப்போவுது? கூடப்பொறந்த அண்ணன் பேரு இல்லன்னா அவிய நம்ம வாசல மிதிப்பாவளா?" அண்ணன் விஜயபாண்டி... இல்லாத பெயருக்கு அடியில் எந்த ஸ்கிரிப்ட் கோடு போடும், வள்ளல் கத்தியபோது கூட்டத்தில் முதலில் சிரித்தவன் அண்ணன்தான், அதற்காகவா, சேச்சே, அவசரம், வேலை மும்முரம், மறந்துவிட்டது. போன் அடித்தது, அச்சகத்து ஐயாதுரை. "அண்ணாச்சி, பிளேட் போட்டுரவா?" "செத்த நேரம் பொறுப்பா, ஒரு பேரு விட்டுப்போச்சு." விட்டுப்போனதா? உறவு வரிசைப்படி அடித்துக்கொண்டு வந்தவன், சித்தப்பாவுக்கு அடுத்த வரியில் கையை எடுத்தானே, எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தானே, திரும்பி வந்து மாமாவிலிருந்து ஆரம்பித்தானே... அப்போது தாகம் எடுத்ததா என்ன?