நிமிஷத்தில் மாறும் வீடு

எங்கள் மதியழகன் சார் வீட்டு பிளான் வரையும் ஏஐ மென்பொருளை வாங்கிய அன்று அஸ்தம்பட்டி ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். "இனிமே நர்மதா உக்காந்து பிளான் வரைய வேண்டாம். சொன்னாப் போதும், அதுவே வரைஞ்சிரும்" என்றார் என்னைக் காட்டி. வரையத்தான் செய்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

புதுச்சத்திரம் லாரிக்காரர் செல்லமுத்து வீடு கட்ட பிளான் கேட்டு வந்தார், மனைவி அமுதவல்லியோடு. முதல் பிளானைப் பார்த்ததுமே அந்த அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கிழக்கே ஜன்னல் வைத்த சமையலறை. கல்யாணமானதிலிருந்து மாமியாரும் ஓரகத்தியும் ஆளுகிற அடுப்படியில் ஒண்டிக்கொண்டிருப்பவர். சொந்தமாக ஓர் அடுப்பு வந்தால் போதும் அவருக்கு.

"நல்லாத்தானுங்க இருக்குது. எதுக்கும் எங்க மாமனை ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க" என்றார் செல்லமுத்து.

மாமன் மாடிப்படியை வெளியே போடச் சொன்னார். மச்சினன் ஹாலை நீட்டச் சொன்னார். பங்காளிகள் வந்தார்கள், லாரி டிரைவர்கூட வந்தார். முன்பெல்லாம் "மாத்த ஒரு வாரம் ஆகுங்க" என்றால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். இப்போது சார் பெருமையாக அங்கேயே மாற்றிக் காட்டுகிறார். காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவர்களும் அடுத்ததை யோசித்துவிடுகிறார்கள். பாவம் அந்தச் சமையலறை, வீடு முழுக்கச் சுற்றி வந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

ஒருநாள் அமுதவல்லி மட்டும் வந்தார். "ஆவணில கடக்கால் போடாட்டி அப்பறம் மச்சாண்டார் ஊட்டுக் கல்யாண வேலை வந்துரும் கண்ணு. எனக்குன்னு ஒரு அடுப்படி வராமயே போயிருமாட்ட இருக்குது." கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் செல்லமுத்து மனைவியோடு ஒரு சித்தப்பாவையும் கூட்டி வந்தார். நல்லவேளை, சார் சைட்டுக்குப் போயிருந்தார்.

"இனி மாத்தணும்னா தை மாசம் ஆகுங்க. மிஷின்ல அத்தனை வேலை நிக்குதுங்க" என்றேன், கூசாமல்.

"ஐயையோ, தை வரைக்கும் ஆகாதுங்க!" செல்லமுத்து மேஜையில் கிடந்த பிளான்களைப் பார்த்து முழித்தார். பிறகு பக்கத்தில் திரும்பினார். "ஏம்புள்ள, உனக்கு எது புடிச்சிருக்குது?"

"ஊரையெல்லாங் கேட்டுப்போட்டு இப்பத்தான் எம்பட நெனப்பு வந்துச்சுங்களா?" என்றார் அமுதவல்லி. சொல்லும்போதே விரல் அந்தக் கிழக்கு ஜன்னல் மேல் இருந்தது.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். நான் அந்தப் பிளானுக்கே பிரிண்டைத் தட்டிவிட்டேன்.