பாயிண்ட் இல்லாத கார்டு

லாரி எடை மேடைகளைச் சரிபார்ப்பதுதான் அவனுடைய வேலை. அதனால் ஆபீஸில் அவனுக்குத் தராசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாதாமாதம் ஐந்தாம் தேதி கிளம்பினால் ஒன்பதாம் தேதி வரை சிமெண்ட் ஆலை, கல் குவாரி, இரும்புக் கிடங்கு என்று சுற்றுவான். இருபது டன் ஜல்லியில் இருபது கிலோ பிசகினாலும் மோப்பம் பிடித்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன் ஒரு கிரெடிட் கார்டைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இரண்டு வாரமாக முழித்துக்கொண்டிருந்தான்.

வெளியூர் வேலைக்குக் கம்பெனி முன்பணம் தராது. டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் முதலில் கைக்காசைப் போட வேண்டும். பில்லைக் கொடுத்தால் நாற்பது நாள் கழித்துப் பணம் வரும். இத்தனை வருஷமாகத் தராசு இதற்கெல்லாம் வீட்டுக் கார்டைத்தான் நீட்டிக்கொண்டிருந்தான். இப்போது ஆபீஸ் செலவுக்கென்று தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டும். நான்கு வங்கிகளின் விளம்பரத் தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, கட்டம் போட்டு, வருஷக் கட்டணம், வட்டி, பாயிண்ட், விமான நிலையத்தில் ஓசிச் சாப்பாடு என்று எழுதிவைத்திருந்தான். அவன் விமானம் ஏறி ஆறு வருஷம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பான் என்று சிலரைச் சொல்வார்கள். பாயிண்ட் விஷயத்தில் தராசு அந்த ரகம். கூட வரும் இரண்டு மெக்கானிக்குகளின் அறை வாடகையையும் தன் கார்டிலேயே போட்டுவிடுவான். அவர்கள் பிறகு பணத்தைக் கொடுத்துவிடுவார்கள், பாயிண்ட் மட்டும் இவனுக்கு. மூன்று வருஷம் இப்படிச் சேர்த்ததில் போன வருஷம் ஒரு இஸ்திரிப் பெட்டி வந்தது. மனைவி அதைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைவாக இருக்கிறது, இனி உங்கள் சட்டையைத் தேய்த்தால் கை வலிக்காது என்று சந்தோஷப்பட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் அந்தப் பெட்டியை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருக்கிறாள். தகுதித் தேர்வு எழுதித் தேறினால் அவளே அறிக்கையில் கையெழுத்துப் போடலாம், சம்பளமும் ஏறும். அந்தத் தேர்வுக்கு வருஷத்தில் மூன்றே நாள்தான் பணம் கட்ட முடியும். போன வருஷம் அவள் வேலை முடிந்து வந்து, கடைசி நாள் சாயங்காலம் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். கார்டு நம்பர் அவளிடம் இருந்தது. வங்கி அனுப்பும் ரகசிய எண் தராசின் போனுக்கு வரும், அவன் படித்துச் சொல்வான் என்று ஏற்பாடு. மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் பணம் போகவில்லை. ஆறு மணிக்கு இணையதளத்தை மூடிவிட்டார்கள்.

முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்திருந்த தராசின் போனுக்கு ரகசிய எண்ணுக்குப் பதிலாக மூன்று முறையும் ஒரே செய்தி வந்தது: கார்டில் மிச்சம் போதாது. மூன்று அறைக்கும் வாடகை போட்டது போக, ஓட்டல்காரன் டெபாசிட்டாக வேறு ஒரு தொகையைப் பிடித்து வைத்திருந்தான். அறையைக் காலி செய்தால்தான் அது விடுபடும். அவள் போனில் அழமாட்டாக் குறையாக என்ன ஆச்சு என்று கேட்டபோது உண்மை நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"நீ நம்பரைத் தப்பா அடிச்சிருப்ப."

அவள் நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்றிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு சந்தேகம். ரத்தக் குப்பியில் ஒட்டியிருக்கும் எண்ணை வாய்விட்டுப் படிப்பாள், பிறகு இன்னொரு தடவை படிப்பாள். கூடத்தில் அவளுக்கு 'இன்னொருதடவை' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதை அவளே வீட்டில் வந்து சொன்னபோது தராசும் சேர்ந்து சிரித்தான். ஊரான் தராசில் குற்றம் கண்டுபிடித்துச் சீல் வைக்கிறவன் வீட்டில் செய்த காரியம் இது.

ஆபீஸில் பில்களைச் சரிபார்க்கும் அக்காவிடம் கட்டம் போட்ட தாளைக் காட்டினான். அவளுக்கு இந்த ஆபீஸில் யார் எங்கே தூங்கினார்கள், என்ன தின்றார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாயிண்ட் கட்டத்தைப் பேனாவால் அடித்தாள். ஐந்தாம் தேதி கிளம்புகிறவனுக்கு மூன்றாம் தேதி பில் போடுகிற கார்டுதான் தோது என்றாள். அப்படியென்றால் அந்தச் செலவைக் கட்ட அடுத்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி வரை நேரம் இருக்கும். க்ளெய்ம் பணம் இருபதாம் தேதியே வந்துவிடும். சொந்தக் காசில் கை வைக்க வேண்டாம். வருஷக் கட்டணமும் இருக்கக் கூடாது.

"அதைவிட முக்கியம், வீட்டுக் கார்டை வீட்டுல வச்சுட்டுப் போ. ஊர்ல இருக்கறவன் ரூமுக்கெல்லாம் நீ ஏன் கார்டைத் தேய்க்கற?"

நான்கில் ஒன்றுதான் தேறியது. அதில் பாயிண்ட் கிடையாது, பரிசு கிடையாது, அட்டைகூட வெளிறிய சாம்பல் நிறம். தராசு மனதைக் கல்லாக்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டான். கார்டு தபாலில் வந்த அன்று மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாயிண்ட் இல்லாத கார்டா? உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவன் அசடு வழிந்தான். அந்த மாதப் பயணத்தில் ஓட்டல் வரவேற்பு மேஜை முன்னால் மெக்கானிக்குகள் இருவரும் வழக்கம்போல் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தராசு தன் அறைக்கு மட்டும் கார்டை நீட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு நடந்தான். மாடிப்படி ஏறும்வரை கேலி துரத்தியது. கார்டு வாங்கியாயிற்று, இனி பழையதைக் கிளற வேண்டாம், அவள் இந்தத் தடவை பணத்தைக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். முழுப் பூசணிக்காயை மறைக்கிறவனுக்கு மனச்சமாதானத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

பணம் கட்டும் முதல் நாளே அவள் லீவு போட்டுவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி, பக்கத்தில் வீட்டுக் கார்டு. பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்து, இன்னொரு தடவை படித்து, கார்டு நம்பர் கேட்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டாள். கையைத் துணியில் துடைத்தாள். பிறகு மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே அடிங்க. என் கை ராசி சரியில்ல. போன தடவை மாதிரி ஆயிட்டா, இன்னொரு வருஷம் என்னால முடியாது."

தராசு கார்டைக் கையில் எடுத்தான். பதினாறு எண், அரை நிமிஷ வேலை. அடித்து முடித்துவிட்டால் பணம் போய்விடும், அவள் தேர்வு எழுதுவாள், கை ராசி இல்லாதவளாகவே காலம் முழுக்க இருப்பாள். அவமானத்தில் அவன் காது சுட்டது. கார்டை மறுபடி மேஜையில் வைத்தான்.

"நீ தப்பா அடிக்கல," என்றான். "கார்டுல பணம் இல்ல. மூணு ரூமையும் நான்தான் அதுல போட்டிருந்தேன். மெசேஜ் எனக்கு வந்துச்சு. அப்பவே தெரியும்."

குளிர்சாதனப் பெட்டி ஒரு தரம் உறுமி அடங்கியது. அவன் மீதியையும் சொன்னான். பாயிண்டைச் சொன்னான், இஸ்திரிப் பெட்டியைச் சொன்னான். மன்னிச்சுக்கோ என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வந்தது. அவள் அதைக் கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவையும் சரியாத்தான் அடிச்சிருக்கேன்," என்றாள், தனக்குத்தானே.

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். கார்டை இடது கையில் பிடித்துக்கொண்டு பதினாறு எண்ணையும் வரிசையாக அடித்தாள். விரல் வைத்துப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். மேஜையில் கிடந்த தராசின் போன் அதிர்ந்தது. அவன் அவசரமாக எடுத்து ரகசிய எண்ணைப் படித்தான், ஆறு இலக்கம். பழக்க தோஷத்தில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"ஒரு தடவை சொன்னாப் போதும்," என்றாள் அவள்.

பணம் போய்விட்டது. ரசீதைச் சேமித்துவிட்டு, வீட்டுக் கார்டைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அடுத்த ஐந்தாம் தேதி தராசு சாம்பல் நிறக் கார்டோடும், தானே தேய்த்ததில் காலர் மடங்கிய சட்டையோடும் பஸ் ஏறினான்.