முனிமரத்தைச் சுற்றிய கோடு

பெர்னார்டுக்கு வயிறு எரிந்தது. ஆயர் ஈத்தாம் ஊருக்கு மேலே, கொடிமலைச் சரிவில், அவனுடைய ஆட்கள் அத்தனை பேரும் பாராங் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலை கொஞ்சம்தான் பாக்கி. அந்தக் கொஞ்சத்தில் போய் ஒரு மரம் குறுக்கே நின்றது.

அவன் அரசாங்கக் காப்புக்காட்டின் காவலன். பெயர்தான் பெரிசு, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காட்டின் எல்லையில் செடி, கொடி, மரம் எல்லாவற்றையும் வெட்டி, ஒரு பாதை மாதிரி நேர்கோடு திறக்க வேண்டும். இங்கே அதை ரெந்திஸ் என்பார்கள். ரெந்திஸுக்கு மேலே அரசாங்கக் காடு, கீழே தோட்டக்காரர்களின் கொல்லைகள். சனிக்கிழமை காட்டிலாகா துரை வந்து பார்ப்பதற்குள் முடிந்திருந்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் அரசாங்கம் கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி அமலம்மாளோடும் கைக்குழந்தையோடும் தெருவில் நிற்க வேண்டியதுதான். துரை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே பெர்னார்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரத்துக்காக யாரைத் திட்டுவது? தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். வேலை தொடங்கிய அன்று, முனிக்குக் கல் நட்டுச் சூடம் காட்டாமல் காட்டில் கை வைக்க மாட்டோம் என்று ஆட்கள் ஒரே பிடியாக நின்றார்கள். பெர்னார்ட் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வேதக்காரன். அவனுக்கு முனியும் தெரியாது, சனியும் தெரியாது. "எந்த மரத்தடியிலயாவது நட்டுத் தொலைங்கய்யா, எனக்கு வேலை ஆகணும்" என்று சொல்லிவிட்டுத் திசைகாட்டியைத் துடைக்கப் போய்விட்டான். அவர்கள் இருப்பதிலேயே பெரிய மெரந்தி மரமாகப் பார்த்து நட்டார்கள். மலைத்தோளிலிருந்து வெட்டிக்கொண்டு வரும் கோடு கடைசியில் அந்த மரத்தின் மார்பில்தான் வந்து முட்டும் என்பதை அன்றைக்கே ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்த்தானா? இல்லை. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

"எழுந்திரிங்கண்ணே. வெட்டுங்க" என்றான் மண்டோர் சின்னையாவிடம். ஆட்களை மேய்க்கிறவர் அவர். அந்த மரத்தை ஒட்டி, கீழ்ச்சரிவில்தான் அவருடைய குடிசையும் மரவள்ளிக் கொல்லையும் இருந்தன.

"எதைக் கார்டய்யா?"

"மரத்தைத்தான். வேற எதை?"

"முனி உக்காந்திருக்கற மரத்தையா? நல்லாச் சொன்னீங்க போங்க."

"கல்லைத் தூக்கி அந்தாண்ட வைங்க. அங்க உக்காரட்டும்."

"தேங்கா ஒடச்சு உக்கார வச்சாச்சு. இப்ப எந்திரின்னு சொல்ல நாம யாருய்யா? வீட்டுக்கு வந்த விருந்தாளியக்கூட அப்படிச் சொல்ல மாட்டோமே."

பெர்னார்ட் கோபத்தில் தானே கோடாரியை எடுத்தான். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மலையிறங்கக் கிளம்பினார்கள். அவர்கள் போனால் மீதிக் கோட்டை யார் வெட்டுவது, அமலம்மாளா? கோடாரியைக் கீழே வைத்தான். கிளம்பியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது அவனுக்கு.

"ஏன் மல்லுக்கட்டறீங்க? சுத்திப் போயிடலாமே" என்றார் சின்னையா.

"எங்க சுத்துறது? மேல பாறை."

"கீழ சுத்துவோம். எங்கொல்லைக்குக் கீழ, ஓடை ஓரமா. அங்க வெறும் புதர்தான், வெரசா முடிஞ்சிரும்."

"உங்க வீடு கோட்டுக்கு மேல வந்துருமே அண்ணே. காட்டுக்குள்ள ஆயிடுமே."

"ஆனா ஆவட்டும்லா. வீடு எந்திரிச்சு ஓடவா போவுது? ஒரு கோடுதானே."

அங்கேயே பெர்னார்ட் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கோடு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை கண்முன்னால் நின்றது. ஒரு குடிசையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். மரத்துக்குச் சற்று எட்டத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, வளைவே தெரியாதபடி ஓடைக்குக் கொண்டுபோனார்கள். வேலை சுத்தமாக முடிந்தது.

சனிக்கிழமை துரை மலை ரயிலில் வந்து, பாதி வழியில் இறங்கி, கோட்டோடு நடந்து வந்தார். ஒரு குச்சி, ஒரு வேர் காலில் தட்டவில்லை. "பேஷ்" என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பெர்னார்டுக்கு உச்சி குளிர்ந்தது. ஓடைக்கரையில் நின்று மேலே பார்த்த துரை, கைத்தடியை நீட்டினார். "அது யாருடைய குடிசை? காட்டுக்குள் எப்படி வந்தது?"

 வருவது வரட்டும் என்று பெர்னார்ட் உண்மையைச் சொன்னான். குடிசை காட்டுக்குள் வரவில்லை, காடுதான் குடிசைக்கு வந்தது. ஒரு மரத்துக்காகக் கோட்டை நான்தான் வளைத்தேன் என்றான். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னான்.

துரை மேலே ஏறிப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்தார். அருமையான மரம், வெட்டாமல் விட்டதே நல்லது என்றார். படம் இன்னும் வரையவில்லை, வெட்டின கோடுதான் எல்லை. ஓடை ஓரமாகப் போனால் காவலுக்கும் வசதி என்றார். பெர்னார்ட் விடவில்லை. அந்த ஆள் பல வருஷமாக அங்கே இருக்கிறார் என்றான். அவரால்தான் இந்த வேலையே முடிந்தது என்றான். பழைய நேர்கோட்டையே வெட்டித் தருகிறேன், கூலிகூட வேண்டாம் என்றான். துரை அவன் தோளில் தட்டினார். உனக்கு இளகிய மனசு, ஆனால் காட்டுக்குள் குடித்தனம் கூடாது, நீயே முன்னால் நின்று பிரித்துப் போடு என்றார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

சே! இப்படி ஒரு பிழைப்பா? உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்றுதானே எல்லோரும் பயப்படுவார்கள்? இவனுக்குப் பரிசு கிடைத்தது. தண்டனை சின்னையாவுக்கு.

பெர்னார்ட் கோடாரியோடு கொல்லைக்கு ஓடினான். செய்தி முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. சின்னையா கூரைமேல் உட்கார்ந்து அத்தாப்பு ஓலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கண்ணே! மரத்தை வெட்டிடுவோம். மரம் போயிட்டா வளைவுக்கு வேலையில்ல. துரை கால்ல விழுந்தாவது கோட்டை நேராக்கிடறேன். பாவம் வந்தா என்மேல வரட்டும்."

"கோடாலியக் கீழ போடுங்கய்யா."

"இந்த மரத்துக்காக நடுத்தெருவுல நிக்கப் போறீங்களா? பைத்தியமா உங்களுக்கு? என்னையாவது நாலு வார்த்தை திட்டுங்களேன்யா!"

சின்னையா பிரித்த ஓலையை மெதுவாகக் கீழே நழுவவிட்டார்.

"ஒங்களை எதுக்குத் திட்டணும்? அன்னிக்குச் சூடம் காட்டறப்ப எல்லாரும் அவனவன் குடும்பத்துக்குக் கேட்டான். நான் கார்டய்யா வேலை நெலைக்கணும்னு கேட்டேன். ஒங்களுக்குக் கைப்புள்ள இருக்குதே. கேட்டதக் குடுத்திருச்சு. குடுத்தப்புறம் போயி அதை வெட்டுனா நல்லாவா இருக்கும்?"

பெர்னார்ட் மரத்தைத் திட்டினான். துரையைத் திட்டினான். முனியையும் திட்டினான், தன் புத்தியையும் திட்டினான். சின்னையா கீழே இறங்கி வந்து, கூரையின் நடு விட்டத்தை அவிழ்த்து ஒரு முனையைத் தோளில் தாங்கினார்.

"சும்மா நிக்காதீங்க கார்டய்யா. அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

பெர்னார்ட் பிடித்தான். விட்டம் நல்ல கனம். இரண்டு பேருமாக அதைச் சுமந்து, ஓடையைத் தாண்டி, கோட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டார்கள்.