ரேகை விழாத விரல்

பதினோராயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். எங்கள் வேலையிடத்தில் கம்ப்யூட்டர் வைத்த அன்றைக்கு நான் காண்டிராக்டர் கோலப்பன் அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி அவ்வளவு. மகள் ஜெனிலாவை நர்சிங் சேர்க்க வாங்கிய கடன். சம்பளத்தில் மாசாமாசம் அவரே பிடித்துக்கொண்டு, வட்டி போக மிச்சம் நின்றது அது.

வாங்கும்போது புரோநோட்டில் கையெழுத்துப் போடப் பேனா கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார்.

"கையெழுத்து இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கும், நாளைக்கு வேற மாதிரி இருக்கும். நான் போடல்லன்னு நீயே சொல்லுவ. கைநாட்டு வையிட்டி, அது மாறாது."

மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். முப்பத்திரண்டு வயசில், பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து, எங்கள் கிறிஸ்தவ சபைக் கட்டடத்தில் நடந்த அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவள் நான். அதற்குப் பிறகு ரேஷன் கடையானாலும் பள்ளிக்கூடமானாலும் 'ராகேல்' என்று எழுதித்தான் பழக்கம். மையில் பெருவிரலை முக்கினேன். பீஸ் கட்ட மறுநாள்தான் கடைசி. வைத்தேன்.

வேலையும் அண்ணாச்சி வாங்கித் தந்ததுதான். நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு பழைய குடோனைச் சரிபண்ணி, தேசிய ஒலி ஒளிக் காப்பகத்துக்கு ஒரு கிளை வைத்திருந்தார்கள். டெல்லியில் இடம் போதாமல் படச்சுருளும் ரேடியோக்காரர்களின் டேப்பும் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். அண்ணாச்சிதான் ஆள் விடுகிற காண்டிராக்ட். மூன்று ஆண்கள், நான், திக்கணங்கோட்டுப் பேபி. இறக்குவது, அடுக்குவது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது. குளிர் அறைக்குள் போனால் புளித்த காடி மணம் முகத்தில் அடிக்கும். பழைய பிலிம் கெட்டால் அப்படித்தான் மணக்குமாம்.

அந்த டப்பாக்களில் ஒன்றைத் தேடுவது இருக்கிறதே, அது ஒரு பாடு. ஆபீசர் ஒருவர் எழுதி வைத்த இடத்தில் இருக்காது. அவர் மாறிப் போயிருப்பார். ஒரு வாரம் தேடுவோம். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கடைசியில் ஏச்சு எங்களுக்குத்தான், நாங்கள்தானே சுமந்தவர்கள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கம்ப்யூட்டர் வைக்க ஸ்மைலின் என்ற பையன் வந்தான். வேலை பெங்களூரில், ஊர் மார்த்தாண்டம். வந்த அன்றே எங்களைக் கூட்டி நிறுத்திச் சொன்னான்:

"அக்கா, இனிமே டப்பாவுக்கு ஒரு பார்கோடு, தட்டுக்கு ஒரு பார்கோடு, ஆளுக்கு ஒரு விரல். மூணும் சேர்ந்தாத்தான் கம்ப்யூட்டர் சம்மதிக்கும். எந்த டப்பா எங்க இருக்கு, யார் எடுத்தா, எப்ப திரும்ப வச்சான்னு டெல்லியில இருந்தே பாக்கலாம்."

"நாங்க ஒண்ணுக்குப் போறதையும் டெல்லியில இருந்து பாப்பாவளா?" என்றாள் பேபி.

"அங்க நான் கோடு ஒட்டல்லக்கா."

மூன்று மாசம் ஒட்டினோம். டப்பா டப்பாவாகத் துடைத்து, கோட்டை ஒட்டி, துப்பாக்கி மாதிரி இருந்த கருவியைக் காட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் அது இனித் தொலையாது என்று அர்த்தம். எனக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது, இன்றைக்கு இத்தனை பண்டம் தொலையாமல் ஆக்கினோம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

பிறகு விரல் எடுக்கிற நாள் வந்தது. அண்ணாச்சியும் வந்து நின்றார்.

"பேரெல்லாம் எதுக்குத் தம்பி? லேபர் ஒண்ணு, லேபர் ரெண்டுன்னு போடு. நாளைக்கு நான் ஆளை மாத்துவேன். நம்பர் அப்படியே நிக்கட்டு."

ஸ்மைலின் அப்படியே போட்டான். பேபி லேபர் நாலு. கண்ணாடிச் சில்லில் பெருவிரலை வைத்தாள், பச்சை எரிந்தது. நான் லேபர் அஞ்சு. வைத்தேன். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, அடுத்த விரல், அதற்கடுத்த விரல்.

"இனி காலு விரலுதான் பாக்கி" என்றாள் பேபி.

ஸ்மைலின் என் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, ரேகையே காணல்லியே!"

"அண்டியாபீஸில தல்லினேன் மக்கா, பதினெட்டு வருஷம்."

அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒருத்தியாவது அண்டி தல்லப் போயிருப்பாள். வறுத்த முந்திரிக்கொட்டையைக் கட்டையால் தட்டி உடைத்துப் பருப்பு எடுக்கிற வேலை. தோட்டில் இருந்து தெறிக்கிற எண்ணெய் தோலைத் தின்னும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் தல்லுவோம். ஆனாலும் தின்னும்.

கைநாட்டு வைக்கக் கூடாதென்று எழுத்துப் படித்தேன். இப்போது டைரக்டர் சாரில் இருந்து லேபர் வரைக்கும் எல்லாரும் பெருவிரலை வைக்கிறார்கள். எனக்கு வைக்க விரல் இல்லை.

வெளியே வந்ததும் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"விரல் விழாத ஆளை வச்சு நான் என்னட்டி செய்ய? ஒண்ணாந்தேதிக்குப் பிறகு கதவு உனக்குத் திறக்காது. நான் வேற ஆளை விடுதேன். பாக்கியை ஒண்ணா எண்ணி வச்சிட்டுப் போ."

"ஒண்ணா எண்ணி வைக்க எனக்க கிட்ட எங்க இருக்கு அண்ணாச்சி? ஜெனிலாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு கிடக்கு."

"அது எனக்குத் தெரியாண்டாம்."

பஸ்ஸில் பேபி என் பக்கத்தில் இருந்தாள். திங்கள்சந்தை வந்து இறங்கப்போகும் நேரத்தில் காதோடு சொன்னாள்:

"ஏட்டி, அண்ணாச்சிட்ட நீ வச்ச கைநாட்டும் இந்த விரல்தானே? அந்தக் கடதாசியில என்ன கிடக்கும்? வெறும் மை. நான் காசே வாங்கல்லன்னு சொல்லிரு. கேஸ் போட்டாலும் நிக்காது."

சிரித்துவிட்டேன். பிறகு, அவள் சொன்னது சரிதான் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றது.

"காசு வாங்கினது விரல் இல்லியே பேபி. நானல்லவா வாங்கினேன்."

"அப்ப கிடந்து சாவு" என்று சொல்லி இறங்கிப் போனாள். அவள் அப்படித்தான்.

மறுநாள் ஸ்மைலினிடம் போய் நின்றேன்.

"மக்கா, அன்னைக்கு உனக்க விரல் நனைஞ்சிருந்தப்ப என்னமோ தட்டிக் கதவைத் திறந்தியே, அது என்னது?"

"பாஸ்வேர்டு அக்கா. விரல் எடுக்காத நேரத்துக்கு. ஆபீசர்மாருக்கு மட்டும்."

"அதை எனக்குத் தா."

"எழுத்து தட்டணும் அக்கா."

"எனக்கு எழுத்து தெரியும்."

என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தான். பிறகு டைரக்டர் சாரிடம் கூட்டிக்கொண்டு போனான். சார் திருவனந்தபுரத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம், கோபிக்காதவர், ஆனால் எதற்கும் பயப்படுவார்.

"லேபருக்குப் பாஸ்வேர்டா? மறந்து போனால்? மூணு தடவை தப்பாய் அடிச்சால் பூட்டிக்கொள்ளும். பின்னே டெல்லியில் பறஞ்சுதான் திறக்கணும். ஆ ஏச்சு நானல்லவா கேட்கணும்?"

"மறக்காது சார்."

"ஒரு மாசம் நோக்கலாம். ஒரு தடவை பூட்டினால் அதோடு தீர்ந்தது. வேற ஆளை விடச் சொல்லுவேன்."

ஸ்மைலின் கேடான கீபோர்டு ஒன்றைத் தந்தான். தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கட்டைகளில் ஒட்டியும் தந்தான். விரலுக்குப் பதிலாக முதலில் பேர், பிறகு பாஸ்வேர்டு. பேரைத் தமிழில் தட்டலாம். பாஸ்வேர்டுக்கு இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் கலந்து வேண்டும். இங்கிலீஷ் எனக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். அது போதும் என்றான்.

வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டு மடியில் போட்டுத் தட்டுவேன். என் வீட்டுக்காரர் ஜான்ரோஸ் விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போகிறவர், சாயங்காலமே கண்ணைக் கட்டும். பாயில் கிடந்தபடி கேட்டார்:

"பெட்டி இல்லாம ஆர்மோனியம் வாசிக்கியே, எந்தச் சபையில பாட்டு?"

"டெல்லி சபையில."

"காணிக்கை நல்லா விழுமா?" என்றார். அதற்குள் உறங்கிவிட்டார்.

ஒன்றாம் தேதி வந்தது. மற்ற நாலு பேரும் விரலை வைத்து உள்ளே போய்விட்டார்கள். கதவுப் பக்கத்துப் பலகையில் கீபோர்டு. அண்ணாச்சி எனக்குப் பதிலாகப் புதுசாக ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார். டைரக்டர் சார் வாசலில் நின்றார். தட்டினேன். சிவப்பு.

எனக்குப் பாஸ்வேர்டு மறக்கவில்லை. கண்ணை மூடினாலும் வரும். மறுபடி தட்டினேன். சிவப்பு.

"போதும் தம்பி, பூட்டிரும்" என்றார் அண்ணாச்சி. அந்தப் புதுப் பெண் தரையைப் பார்த்தாள். அவளுக்கும் வேலை வேண்டும் அல்லவா.

ஸ்மைலின் கிட்டே வந்தான். என் கையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். டப்பா தொடப் போட்ட துணியுறை கையில் கிடந்தது. ஒவ்வொரு அமுக்குக்கும் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து விழுந்திருக்கிறது. உறையைக் கழற்றி இடுப்பில் செருகினேன். கையைச் சேலையில் துடைத்தேன். ஒரு எழுத்து, நிறுத்தி ஒரு எழுத்து. வெறும் விரலில் கட்டைகளின் குளிர் தெரிந்தது. கடைசிக் கட்டையை அமுக்கினேன்.

பச்சை. கதவு 'டக்' என்று விட்டது.

மத்தியானம் சாயாக்கடையில் அண்ணாச்சி மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"என்ன எழுத்துட்டி அது?"

"சொல்லக் கூடாது அண்ணாச்சி. யாருட்டயும் சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"கையெழுத்தா?"

"கையெழுத்துதான்."

சாயாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்.

அந்த மாசம் ஒரு தடவைகூடப் பூட்டவில்லை. மாசக் கடைசியில் டெல்லியில் இருந்து பெரிய மேடம் ஒருவர் ஆட்களோடு வந்தார். திறப்பு விழா. சுவர் நிறைய ஒரு திரை. மேடம் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் கேட்பார், நாங்கள் எடுத்துவர வேண்டும், நாங்கள் எடுப்பது திரையில் எழுத்தாக ஓட வேண்டும். அவர் கேட்டது குளச்சலில் கட்டுமரம் இறக்குவதை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ எடுத்த படம். முன்பென்றால் ஒரு வாரத் தேடல். அன்றைக்குப் பேபி நேரே தட்டுக்குப் போனாள், பீப், எடுத்தாள். தள்ளுவண்டி தள்ளுகிற எங்கள் வண்டிக்காரன் வாங்கினான், பீப். நான் கொண்டுபோய் மேசையில் வைத்தேன், பீப்.

திரையில் மூன்று வரி நின்றது. எடுத்தது: லேபர் 4. வண்டி: லேபர் 2. ஒப்படைத்தது: ராகேல்.

என் பேர் சுவரில், ஒரு முழ உயரத்தில், தமிழில். நான் தட்டினது அப்படியே.

மேடம் அதைக் காட்டி ஏதோ கேட்டார். டைரக்டர் சார் ஸ்மைலினைப் பார்த்தார். ஸ்மைலின்தான் இங்கிலீஷில் சொன்னான், என்னைக் காட்டி, பேபியைக் காட்டி. மேடம் திரும்பக் கேட்டது எனக்கும் புரிந்தது, ஸ்மைலின் உடனே தமிழில் சொன்னதால்:

"ஒரு சுருள் கேடானா நம்பர்ட்டயா போய்க் கேக்கதுன்னு கேக்காவ. எல்லாருக்கும் பேர் போடச் சொல்லுதாவ."

பேபி முன்னால் வந்துவிட்டாள்.

"எனக்க பேரு பேபி. அப்பன் பேரு இஞ்ஞாசி. ரெண்டையும் சேர்த்துப் போடு மக்கா. வெறும் பேபின்னு போட்டா டெல்லியில தொட்டில்பிள்ளைன்னு நினைப்பாவ."

பிறகு அந்தப் படத்தை ஓட்டினார்கள். சத்தம் கிடையாது. அலை வந்து விழுகிறது, முதுகு பளபளக்கிற ஆண்கள் கட்டுமரத்தைத் தள்ளுகிறார்கள், ஒருத்தன் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். எத்தனையோ வருஷம் அந்த டப்பாக்களைச் சுமந்திருக்கிறோம். உள்ளே கிடந்ததை அன்றைக்குத்தான் கண்டோம். வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

பேர் ஏறினதால் இன்னொன்றும் நடந்தது. சம்பளம் அவரவர் பேரில் பாங்குக்கு வரத் தொடங்கியது. அண்ணாச்சியால் ஆளை மாற்றவும் முடியவில்லை, சம்பளத்தில் பிடிக்கவும் முடியவில்லை. மாசம் பிறந்தால் நானே பாக்கியை வடசேரியில் அவர் கடைக்குக் கொண்டுபோய் எண்ணிக் கொடுத்தேன். முதல் தடவை என்னைக் கண்டதும், சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்து நின்றார்.

இரண்டாயிரத்துப் பதினாலு, ஓணத்துக்கு முந்தின வாரம், கடைசித் தொகையை வைத்தேன். அண்ணாச்சி எண்ணினார். மேசைக்குள் துழாவிப் புரோநோட்டை எடுத்து விரித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை. வறுத்த அண்டி மாதிரி ஒரு கறுப்பு மட்டும் கிடந்தது.

"இதில ஒண்ணுமே இல்லியே ராகேலே."

"இல்ல அண்ணாச்சி."

"உனக்கு இது தெரியுமா?"

"கம்ப்யூட்டர் எனக்க விரலைத் தள்ளின அன்னைக்கே தெரியும்."

அவர் கடதாசியை மேசைமேல் வைத்தார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "ஒரு சாயா கொண்டா. இருக்கட்டும், ரெண்டா கொண்டா." எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"பைசல்னு எழுதி ஒப்பு போட்டுத் தாங்க அண்ணாச்சி" என்றேன்.

எழுதினார். நான் வாங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப அவர் முன்னால் வைத்தேன்.

"தேதி போடல்ல."

தேதியும் போட்டார். சாயா வரும்வரைக்கும் எழுத்துக் கூட்டி முழுசும் வாசித்தேன். முதலும் வட்டியும் முழுவதும் வரவு, பைசல், கோலப்பன். சரியாக இருந்தது.