சட்டைக் கையில் ஒரு கால்சட்டை

'டர்ர்ர்ர்' என்று துணியை விழுங்கியது மிஷின். அவன் சக்கரத்தைப் பின்னால் சுற்றி, கத்தரியால் நூலை அறுத்துத் துணியை வெளியே பிடுங்கினான். சல்லடை. மூன்றாவது டி-ஷர்ட்டும் போச்சு.

மணி இரண்டே கால்.

நாலு மணிக்குள் ஒரு குழந்தை பேன்ட் தைத்தாக வேண்டும். போனில் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "கடைத்துணி வேணாம். உன் பழைய டி-ஷர்ட்டை வெட்டி நீயே தைச்சு எடுத்துட்டு வா. வந்தா உன் வீட்டுக்கு வர்றோம். இல்லேன்னா பிள்ளையைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

பிள்ளை பிறந்த பதினெட்டு நாளாக இதே பாட்டுதான். எட்டு மாதம் முடியுமுன்னே அவசரப்பட்டுப் பிறந்த பெண். இன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து விடுகிறார்கள்.

அவன் சோபா உறை தைக்கிறவன். தடித்த ரெக்ஸினை அதட்டி உருட்டிப் பழகிய கை. பனியன் துணியோ தண்ணீர் மாதிரி நழுவியது. துவைத்துத் துவைத்து மெலிந்துபோன நீலத்தின் வழியே வெயில் இறங்க, அறை முழுக்க நீலம் அசைந்தது. விரலின் சொரசொரப்பில் ஓர் இழை மாட்டி இழுபட்டது. சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டான்.

"மாமா, இது பேன்ட்டா? சோபாவுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு!"

வாசலில் வாலு. மனைவியின் தங்கை. பனியன் கம்பெனி தையல்காரி. இப்போதுதான் ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருக்கிறாள்.

"தையலுக்கு ரெண்டு இன்ச் விட்டேன், வாலு."

"பனியன் துணிக்கு எதுக்கு ரெண்டு இன்ச்? அதுவே இழுத்துக் கொடுக்குமே! இடுப்பு என்ன அளவு?"

"சின்ன இடுப்பு."

"சின்னன்னா?"

"குழந்தை இடுப்பு."

"அடடா, பெரிய கண்டுபிடிப்பு! தினம் ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. ஒரு நூலை வச்சாவது அளந்திருக்கக் கூடாதா?"

அவன் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமானான். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

கழிவுக் குவியலில் டி-ஷர்ட்டிலிருந்து வெட்டிப் போட்ட அரைக்கைகள் கிடந்தன. ஒன்றை எடுத்தான். மூன்று விரலில் மாட்டிப் பார்த்தான். விளிம்பு மடித்துத் தைத்த, குட்டியான, முழுசான ஒரு கால். இன்னொன்றை எடுத்தான். இன்னொரு கால்.

வெளியே சத்தமெல்லாம் அடங்கிப்போனது. இரண்டு நீலக் கால்களும் மேஜைமேல் எழுந்து நின்றன. தத்தித் தத்தி நடந்தன. சுண்ணக்கட்டியைத் தாண்டி, கத்தரியைச் சுற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்குள் காலை வைத்து...

"மாமா! மணி மூணு!"

திடுக்கிட்டான். வாலு கைப்பையிலிருந்து இழையை அறுக்காத, முனை மழுங்கிய பனியன் ஊசியை எடுத்து நீட்டினாள். அதை மிஷினில் மாட்டி, சட்டைக் கைகளின் மேல்முனையைப் பிளந்து, தொடை சேருமிடத்தில் இரண்டையும் இணைத்தான். கழுத்துப் பட்டையை வெட்டி இடுப்பில் வைத்தான்.

"இழுக்காதீங்க. துணி தானா போகும். நீங்க சும்மா கூடப் போங்க."

போனான். மிஷின் முனகியது. மேகத்தைத் தைப்பதுபோல் இருந்தது.

மூன்று ஐம்பது. ஆஸ்பத்திரி மாடி. ஆறு தொட்டில்கள், ஆறிலும் வெள்ளைப் பொட்டலமாய் ஒவ்வொரு குழந்தை. நடுவில் மனைவி, கட்டி வைத்த பையோடு.

பேன்ட்டை நீட்டினான். அவள் புரட்டிப் பார்த்தாள்.

"தைச்சுட்டே."

"தைச்சுட்டேன். நம்ம வீட்டுக்குத்தானே?"

"அளவெடுக்கவாவது மேல வருவேன்னுதான்யா தைக்கச் சொன்னேன். அதையும் குத்துமதிப்பா தைச்சுட்டு வந்து நிக்கிறே!"

வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னக்கா சொல்றே?"

பேன்ட்டைத் திரும்ப அவன் கையிலேயே திணித்தாள் மனைவி. "நீயே போட்டு விடு. அப்புறம் போகலாம், உன் வீட்டுக்கு."

அவன் முதல் தொட்டிலைப் பார்த்தான். அடுத்ததை. மூன்றாவதை. சொரசொரத்த விரல்களைப் பேன்ட்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

"எது?" என்றான்.

பதினெட்டு நாளும் வந்தான். பதினெட்டு நாளும், இந்தக் கை பட்டால் கிழிந்துவிடும் என்று பயந்து, மாடிப்படியோடு திரும்பிப் போனான். மகளை அவன் இன்னும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.